சைக்கிள்காரருக்குத் தற்காப்பு: 1901-இல் ஒரு பத்திரிகை சொன்ன யோசனை

போன நவம்பரில் ஒரு சாயங்காலம். வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் மழை விட்டிருந்தது. என் வழியில் தெருவிளக்கு எரியாத ஒரு நூறு மீட்டர் தூரம் உண்டு. அங்கே பின்னாலிருந்து ஒரு பைக் வந்தது, இரண்டு பேர். ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த என் பையைப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் பிடித்து இழுத்தான். பை அவனோடு போனது. நான் சைக்கிளோடு சாலையில் கிடந்தேன். முழங்காலில் நாலு தையல். போன், பர்ஸ், டிபன் பாக்ஸ் மூன்றும் போச்சு.

காயம் ஆறிவிட்டது. அதற்கப்புறம் கேட்ட கேள்விகள்தான் ஆறவில்லை. புகார் எழுதிக்கொண்டவர் முதலில் கேட்டது, "இந்நேரத்துல எதுக்கும்மா சைக்கிள்ல வர்றீங்க?" மணி அப்போது ஆறே முக்கால். அலுவலகத்தில், "காலம் கெட்டுக் கிடக்கு, ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார்கள். அண்ணன் போனிலேயே முடிவு சொல்லிவிட்டார்: "பேசாம ஸ்கூட்டி வாங்கிக்கோ. சைக்கிளை வித்துடு. நாற்பது வயசுக்கு மேல இந்த ரிஸ்க் உனக்கு எதுக்கு?"

அண்ணன் சொன்னதில் அக்கறை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நாளும் ஒரே யோசனை. சைக்கிளில் போகிறவரை வழியில் மறித்துப் பறிப்பது எப்போது ஆரம்பித்தது? அதற்கு அந்தக் காலத்து ஆட்கள் என்ன செய்தார்கள்? பழைய பத்திரிகைகளைப் புரட்டுவது எனக்குப் பழக்கம்தான். இந்த முறை தேடியது என் முழங்காலுக்காக. அப்படித் தேடியதில் கையில் சிக்கியது லண்டனில் 1901-இல் வெளியான ஒரு கட்டுரை.

பியர்சன்ஸ் மேகசின் சொன்னது

பியர்சன்ஸ் மேகசின் 1896-இல் தொடங்கிய மாதப் பத்திரிகை. எச். ஜி. வெல்ஸின் செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாவல் 1897-இல் தொடராக வந்தது இதில்தான். அறிவியல் புனைவு, பயணம், புதுமை என்று படித்த நடுத்தர வர்க்கத்துக்கான கலவை. அதில் 1901-இல் மார்கஸ் டிண்டல் என்பவர் எழுதிய கட்டுரையின் பெயரைத் தமிழில் சொன்னால், 'சைக்கிளில் போகும்போது தற்காப்பு'.

தலைப்புக்குக் கீழேயே உள்ளடக்கத்தைப் பட்டியல் போட்டுவிடுகிறார். நவீன வழிப்பறிக்காரர்கள் மறித்தால் என்ன செய்வது, இன்னொரு சைக்கிள்காரர் துரத்தினால் எப்படிச் சமாளிப்பது, சைக்கிளையே எப்படி ஆயுதமாக்குவது. எல்லாம் நிதானமாக, சமையல் குறிப்பு எழுதுகிற தோரணையில்.

படித்து முதலில் சிரித்துவிட்டேன். என் சைக்கிள் பதினேழு கிலோ. கேரியரும் ஸ்டாண்டும் சேர்த்துத்தான். அதைத் தூக்கி ஒருத்தன் மேல் தள்ளுகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். அதுவும் அது என் மேலேயே கிடந்த நேரத்தில்.

சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு விஷயம் உறுத்தியது. ஒரு பெரிய பத்திரிகை பக்கம் ஒதுக்கி இதைப் போட்டிருக்கிறது என்றால் வாசகர்களிடம் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

ஹூலிகன் வந்த கோடை

1898 கோடைகாலத்தில் லண்டன் பத்திரிகைகளில் ஒரு புதுச்சொல் அடிபட ஆரம்பித்தது: ஹூலிகன். ஆகஸ்ட் மாத வங்கி விடுமுறை நாளில் நடந்த குடிபோதைக் கலாட்டாக்களுக்குப் பிறகு, தெருவில் கும்பலாகத் திரியும் ஏழைத் தொழிலாளர் குடும்பத்துப் பையன்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த வருடமே கிளாரன்ஸ் ரூக் என்ற பத்திரிகையாளர் ஒரு ஹூலிகனைப் பற்றி முழுப் புத்தகம் எழுதிவிட்டார். இன்று கால்பந்து மைதானக் கலவரம் வரைக்கும் அந்தச் சொல் போகிறது.

ஆனால் குற்ற வரலாற்றாசிரியர்கள் வேறொன்று சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் பதிவான திருட்டும் வன்முறையும் மொத்தத்தில் குறைந்துகொண்டுதான் வந்தன. அதாவது குற்றம் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பயம் ஏறியிருக்கிறது.

இதில் சைக்கிளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. 1885-இல் கவன்ட்ரி ஊரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின். நாம் இன்று ஓட்டுவது அதன் பேரப்பிள்ளையைத்தான். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். 1896 வாக்கில் சைக்கிள் மோகம் உச்சிக்குப் போனது. அதுவரை குதிரை வண்டிக்குள்ளோ ரயில் பெட்டிக்குள்ளோ உட்கார்ந்து போன கனவான் முதல்முறையாக, கதவும் இல்லாமல் வண்டிக்காரனும் இல்லாமல், ஊருக்கு வெளியே தன்னந்தனியாக மிதித்துப் போகிறார். எப்போதும் நடந்தே போகிற ஏழைகளை, வேலை தேடி அலைகிறவர்களை, நேருக்கு நேர் பார்க்கிறார். பயப்படுகிறார்.

பயம் இருந்தால் வியாபாரமும் இருக்கும். பாரிஸில் கலான் என்ற துப்பாக்கித் தயாரிப்பாளர் 1890-களில் ஒரு குட்டி ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயர் 'வெலோ டாக்'. வெலோ என்றால் பிரெஞ்சில் சைக்கிள், டாக் என்பது நாய்தான். துரத்தும் நாயிடமிருந்து சைக்கிள்காரரைக் காப்பாற்றும் துப்பாக்கி! சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளாத மாதிரி சுத்தியலை உள்ளே மறைத்து, விசையை மடக்கி வைத்திருப்பார்கள். மற்ற நாட்டுக்காரர்களும் அதே மாதிரி செய்து விற்றார்கள். நம் தெரு நாய்கள் கொடுத்து வைத்தவை.

பெங்களூரில் பிறந்த ஒரு தற்காப்பு ஆசான்

பியர்சன்ஸ் மேகசினில் தற்காப்புப் பாடம் 1901-இல் புதிது இல்லை. இரண்டு வருடம் முன்பே அதே பத்திரிகையில் எட்வர்ட் வில்லியம் பார்ட்டன்-ரைட் எழுத ஆரம்பித்துவிட்டார். 1860-இல் பெங்களூரில் பிறந்தவர், தொழிலால் பொறியாளர். ஜப்பானில் சில வருடம் வேலை பார்த்தபோது ஜுஜுட்சு கற்றுக்கொண்டு 1898-இல் லண்டன் திரும்பினார். ஜுஜுட்சு, குத்துச்சண்டை, காலால் உதைக்கும் பிரெஞ்சுச் சண்டை, சுவிட்சர்லாந்துக்காரர் பியர் வின்யி சொல்லிக்கொடுத்த கைத்தடிச் சண்டை நான்கையும் கலந்தார். தன் பெயரின் பாதியையும் ஜுஜுட்சுவின் பாதியையும் ஒட்டி 'பார்டிட்சு' என்று பெயர் வைத்தார்.

லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் ஒரு கிளப். ஜப்பானிலிருந்து யுகியோ டானி, சடகாசு உயெனிஷி என்ற இளைஞர்களை வரவழைத்து ஆசான்களாக வைத்தார். 1901 ஜனவரி, பிப்ரவரி இதழ்களில் கைத்தடியால் தற்காத்துக்கொள்வது பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் வந்தன. டிண்டலின் சைக்கிள் கட்டுரையும் அதே வருடம், அதே பத்திரிகை. கனவான் நடந்து போனால் கைத்தடி, சைக்கிளில் போனால் சைக்கிள். கையில் இருப்பதே ஆயுதம் என்ற ஒரே சிந்தனைதான்.

கிளப் அதிக நாள் ஓடவில்லை. 1902 வாக்கில் மூடிவிட்டார்கள். பார்ட்டன்-ரைட் 1951-இல், 90 வயதில், ஏறக்குறைய யாருக்கும் நினைவில்லாத மனிதராக இறந்தார். அவருடைய கலையின் பெயர் பிழைத்ததே ஒரு எழுத்துப்பிழையால்தான். 1903-இல் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை மறுபடியும் உயிரோடு கொண்டுவந்தபோது, அருவி விளிம்பில் எதிரியிடமிருந்து தப்பியது 'பாரிட்சு' தெரிந்ததால்தான் என்று ஹோம்ஸைச் சொல்ல வைத்தார். நடுவில் ஒரு 'ட்' காணாமல் போயிருந்தது.

இந்தக் கட்டுரைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஆபத்து என்பது ஒரு அந்நியன், அவன் ஏழை, எதிரே வருகிறான். அவனைச் சமாளிக்க வேண்டியது தனியாகப் போகிற நீங்கள். உங்கள் கை, உங்கள் கால், உங்கள் சாமர்த்தியம். சாலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. விளக்கைப் பற்றிக் கிடையாது. கூடப் போகிற ஆட்களைப் பற்றிக் கிடையாது.

நிஜத்தில் சைக்கிள்காரர்களை அடித்தது யார் என்று தேடினால் கதை வேறு மாதிரிப் போகிறது.

இரும்புக் குண்டு கட்டிய கயிறு

1876. அப்போது ஓடியது முன் சக்கரம் ஆள் நெஞ்சு உயரம் இருக்கும் சைக்கிள். அதிலிருந்து விழுந்தால் தலைகுப்புறத்தான். லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் போகும் குதிரைக் கோச்சு வண்டி ஒரு சைக்கிள்காரரைத் தாண்டுகிறது. கோச்சு ஓட்டுகிறவர் அவரைச் சாட்டையால் அடிக்கிறார். பின்னால் நின்ற கார்டு, கயிற்றில் கட்டிய ஒரு இரும்புக் குண்டைச் சக்கரத்தின் கம்பிகளுக்குள் வீசி ஆளையும் சைக்கிளையும் இழுத்துத் தள்ளுகிறார்.

இவர்கள் வழிப்பறிக்காரர்கள் இல்லை. எதையும் பறிக்கவும் இல்லை. சீருடை போட்டு வேலை பார்க்கும் ஆட்கள். சாலை எங்களுடையது, நீ யார் என்ற ஒரே கோபம். அந்தக் குண்டு வழியில் கிடந்து எடுத்ததில்லை என்பதையும் கவனியுங்கள். தயாராகக் கயிற்றில் கட்டி வைத்திருந்திருக்கிறார்கள்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது, இரண்டு பேருக்கும் தண்டனை கிடைத்தது. அந்தக் காலச் சைக்கிள்காரர்கள் இதிலிருந்து கற்ற பாடம் சண்டை இல்லை, சங்கம். 1878-இல் பைசிக்கிள் யூனியன் தொடங்கியது. அதே வருடம் ஹாரோகேட் ஊரில் சைக்கிள் பயணிகளுக்கான சங்கமும் தொடங்கி, பிறகு 'சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்' என்று பெயர் மாறியது. ஆபத்தான சரிவுகளில் எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். சைக்கிள்காரர்களை மரியாதையாக நடத்தும் விடுதிகளுக்குச் சிறகு முளைத்த சக்கரச் சின்னம் கொடுத்தார்கள். வழக்குகளை எடுத்து நடத்தினார்கள். 1899-இல் அந்தச் சங்கத்தில் 60,000-க்கும் மேல் உறுப்பினர்கள்.

1888-இல் உள்ளாட்சிச் சட்டம் வந்தபோது அதன் 85-ஆம் பிரிவில் ஒரு வரியில் பெரிய விஷயம் நடந்தது. சைக்கிளும் சட்டப்படி ஒரு வண்டிதான் என்று அறிவித்தார்கள். கூடவே கடமைகள்: பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து விளக்கு எரிய வேண்டும், யாரையாவது தாண்டும்போது மணி அடிக்க வேண்டும். பார்த்தால் சைக்கிள்காரருக்குப் போட்ட கட்டுப்பாடு மாதிரி இருக்கும். அதற்குள்ளே இருந்தது உரிமை. வண்டி என்று ஆனபிறகு, சாலையில் உனக்கு என்ன வேலை என்று கேட்க முடியாது.

இந்த விளக்குச் சட்டத்தின் வால் நம்ம ஊர் வரைக்கும் நீண்டது. ராத்திரி விளக்கில்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடும் என்று அப்பா தலைமுறையில் கதை கதையாகச் சொல்வார்கள். மண்ணெண்ணெய் விளக்கு, அப்புறம் டைனமோ. அதை ஒரு தொந்தரவாகத்தான் நானும் கேட்டு வளர்ந்தேன். இருட்டில் விழுந்து எழுந்த பிறகுதான் அதன் மறுபக்கம் புரிந்தது.

பெண் ஓட்டியபோது

கோச்சு வண்டிக்காரர்களின் கோபம் ஆண்களுக்கு மெல்ல அடங்கியது. பெண்கள் ஏறியதும் வேறு இடத்தில் கிளம்பியது. 1895-இல் லண்டன் மேல்தட்டுப் பெண்கள் பாட்டர்ஸீ பூங்காவுக்குள் சைக்கிள் ஓட்டுவது நாகரிகமாக இருந்தது. பூங்காவின் வேலிக்குள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சாலைக்கு வந்தால், அதுவும் நீண்ட பாவாடையை விட்டுவிட்டு 'ரேஷனல் டிரெஸ்' என்ற அகலக் கால்சட்டையில் வந்தால், கூச்சல், கேலி, சில இடங்களில் கல். கல்லெறிந்தவர்கள் நகைக்கோ பணத்துக்கோ வந்தவர்கள் இல்லை.

கல்லெறியாமலும் இதைச் செய்யலாம். 1898 அக்டோபரில் ஹார்பர்ட்டன் சீமாட்டி சைக்கிளில் ஆக்கம் ஊரின் ஹாட்பாய் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனார். கால்சட்டையில் வந்த பெண்ணுக்குச் சாப்பாட்டு அறையில் இடம் இல்லை, வேண்டுமானால் ஆண்கள் குடிக்கும் பக்கத்து அறையில் உட்காரலாம் என்றார்கள். டூரிங் கிளப் அவருக்காக வழக்குப் போட்டது. 1899-இல் தோற்றது. மாற்று அறை கொடுத்தார்களே, அப்புறம் என்ன என்பது வாதம். ஓட்டாதே என்று யாரும் சொல்லவில்லை பாருங்கள். ஓட்டிக்கொண்டு போய் உட்கார இடம் இல்லாமல் செய்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஹோம்ஸ் கதை ஒன்று ஞாபகம் வந்தது. தனியே சைக்கிளில் போகும் பெண்ணைப் பற்றியது, 1903 கடைசியில் வெளியானது. வயலட் ஸ்மித் என்ற இசை ஆசிரியை சனிக்கிழமைதோறும் ஃபார்னம் ரயில் நிலையத்துக்குச் சைக்கிளில் போகிறாள். ஆள் நடமாட்டமில்லாத ஒரு பகுதியில் தாடிக்காரன் ஒருவன் கொஞ்ச தூரம் விட்டு சைக்கிளில் பின்தொடர்கிறான். இவள் வேகம் குறைத்தால் அவனும் குறைக்கிறான். இவள் திரும்பித் துரத்தினால் அவன் ஓடுகிறான். படிக்காதவர்கள் மன்னிக்கவும், முடிவைச் சொல்லியாக வேண்டும். தாடி ஒட்டு தாடி. உள்ளே இருப்பவர் அவளுக்கு வேலை கொடுத்த முதலாளி. அவளைப் பாதுகாக்கத்தான் பின்னால் வருகிறாராம், அவளிடம் சொல்லாமலே. நிஜமான ஆபத்து, அவளுடைய சொத்துக்காக அவளைக் கட்டாயக் கல்யாணம் செய்யப் பார்க்கும் இன்னொரு ஆளிடமிருந்து. அவனும் அந்த முதலாளிக்குத் தெரிந்தவன்தான்.

கதையை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். முழங்காலில் கட்டோடு படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சைக்கிள் ஆபத்து என்று முதலாளி அவளுக்கு ஒரு குதிரை வண்டி ஏற்பாடு செய்கிறார். இனி பயமில்லை என்று அவளும் நினைக்கிறாள். அவளைக் கடத்துவது அந்தக் குதிரை வண்டியிலிருந்துதான். சைக்கிளில் போன அத்தனை சனிக்கிழமையும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு கதையை வைத்துச் சட்டம் போட முடியாது, தெரியும். ஆனால் அண்ணனிடம் சொல்ல எனக்கு ஒரு உதாரணம் கிடைத்தது.

பாடம் கைமாறியது

பார்டிட்சு கிளப் மூடினாலும் பாடம் நிற்கவில்லை. உயெனிஷி சோஹோவில் தனிப் பள்ளி நடத்தினார். அங்கே படித்த எடித் கேரட் என்ற பெண்ணும் அவர் கணவரும் 1908-இல் அந்தப் பள்ளியை எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். எடித், வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்கு ஜுஜுட்சு சொல்லிக்கொடுத்தார். 1910 நவம்பர் 18 அன்று நாடாளுமன்றத்தின் முன் போராடிய பெண்களைப் போலீசாரும் கூட்டத்திலிருந்த ஆண்களும் மணிக்கணக்கில் அடித்து, அசிங்கமாகக் கைவைத்தார்கள். அந்த நாளைக் கறுப்பு வெள்ளி என்கிறார்கள். 1913-இல் தலைவர்கள் மறுபடி கைதாகாமல் காக்க முப்பது பேருக்குள் ஒரு பெண்கள் படை அமைந்தது. எடித்திடம் பயிற்சி எடுத்த அந்தப் பெண்கள் பாவாடைக்குள் மறைத்து வைத்திருந்த ஆயுதம் 'இந்தியன் கிளப்'. வேறொன்றுமில்லை, நம்ம கர்லா கட்டை.

ஹூலிகனிடமிருந்து கனவானைக் காக்க வந்த பாடம், பத்து வருடத்தில், சீருடைக்காரர்களிடமிருந்து பெண்களைக் காக்கப் பயன்பட்டது. அப்படியென்றால் டிண்டலின் கட்டுரையைப் பார்த்து நான் சிரித்தது தவறா? முழுக்கத் தவறில்லை என்று நினைக்கிறேன். எடித்தின் மாணவிகள் தனியாகச் சண்டை போடவில்லை. முப்பது பேர் சேர்ந்து நின்றார்கள். அவர்கள் கேட்டது வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர ஒரு உத்தி இல்லை, ஓட்டு. பிடியும் உதையும் அதே பிடியும் உதையும்தான். தனி ஆளிடம் இருந்தபோது அது பத்திரிகைச் சுவாரசியம், கூட்டத்திடம் வந்தபோது அரசியல்.

புதுக்கோட்டை

சண்டைக் கலையே இல்லாமல் இதைச் செய்து காட்டிய ஊர் ஒன்று எனக்குத் தெரியும். நான் பிறந்த மாவட்டம்.

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கிராமத்துப் பெண்கள், விவசாயக் கூலிகள், கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். ஒன்றரை வருடத்தில் ஒரு லட்சம் பெண்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கியவர்கள், அதுவே பரவாயில்லை என்றார்கள். முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே.

அந்த பாரில் உட்கார்ந்து போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அம்மாவுக்கு அப்போது முப்பத்தொன்று. முதல் வாரம் டீக்கடை பெஞ்சிலிருந்து விசில் வந்தது, ஒருத்தன் பாட்டுப் பாடினான். அம்மா ஒன்றும் திருப்பிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. மூன்றாவது வாரம் அதே சாலையில் அம்மாவோடு எட்டுப் பேர் போனார்கள். அதற்கப்புறம் அந்த பெஞ்சுக்காரர்கள் டீ மட்டும் குடித்தார்கள். அம்மா எந்தத் தற்காப்புக் கலையும் கற்றுக்கொள்ளவில்லை. சாலையில் ஆள் கூடியது, அவ்வளவுதான்.

அண்ணன் ஸ்கூட்டி பேச்சை எடுத்த மறுநாள் அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நீ சைக்கிளால விழுந்தியா, அவன் இழுத்ததால விழுந்தியா?" என்று கேட்டார். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவர் பேசவில்லை, முழங்காலுக்கு என்ன தைலம் தேய்க்கணும் என்பதற்குப் போய்விட்டார்.

இப்போது

டிண்டல் மாதிரி நானும் சில யோசனை சொல்லி முடிக்கிறேன். சண்டை எதுவும் இல்லை.

பையை ஹேண்டில்பாரில் மாட்டுவதை விட்டுவிட்டேன். பின் கேரியரில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டிவிடுகிறேன். நாம் சாலையின் இடதுபக்கம் போகிறோம், பைக்கில் வருகிறவன் நம்மை வலதுபக்கம்தான் தாண்டுவான், கையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். தோளில் மாட்டும் பையை இழுத்தால் நம்மையும் சேர்த்து இழுக்கும், அதனால் உடம்பில் மாட்டுவதில்லை. செயினை வீட்டில் கழற்றி வைத்துவிடுகிறேன். போன் கையில் கிடையாது, வழி பார்க்க வேண்டுமென்றால் ஒரு கடை வாசலில் நின்று பார்க்கிறேன். யாராவது பறித்தால் விட்டுவிடுவது. டிபன் பாக்ஸுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள முடியாது. பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, ஹேண்டில்பாரில் ஒரு சின்னக் கண்ணாடி.

இதெல்லாம் என் உடம்பை மட்டும் பார்த்துக்கொள்ளும் யோசனைகள். அடுத்து அந்த வழியில் வரப்போகிறவளுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதற்காக வேறு இரண்டு வேலை செய்தோம். அந்த நூறு மீட்டர் தெருவிளக்குக்கு நான், அங்கே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி, மாடி வீட்டு டீச்சர், இன்னும் ஒருவர் என நாலு பேர் சேர்ந்து புகார் போட்டோம். மூன்றாவது தடவை போட்ட பிறகு இப்போது எரிகிறது. அப்புறம், பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேர் அதே வழியில் சைக்கிளில் போவது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. வேலை முடியும் நேரம் பத்து நிமிடம்தான் முன்னே பின்னே. ஆறு நாற்பதுக்கு வாசலில் ஒருவருக்கொருவர் காத்திருக்கிறோம்.

அண்ணன் இன்னும் ஸ்கூட்டிதான் சொல்கிறார். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தபோது என் சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை பார்த்துவிட்டு, பின் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.